வான்வாசலில் ஒட்டிய சுவரொட்டி

செங்கோடன் என்ற நரியும், சோணை என்ற வெள்ளாட்டுக் கிடாவும், ராக்கு என்ற பெண் தேவாங்கும் மேகத்துக்கு மேலே ஒரு வான்கூட்டில் குடியிருந்தன. ஏழுசுனைக் காட்டு விலங்குகள் எல்லாம் கூடி உழைத்து, கட்டி, மேலே அனுப்பிய கூடு அது. எங்கே மழை வருகிறது, எங்கே தீப் பிடிக்கிறது என்று உயரத்திலிருந்து பார்த்துக் காட்டுக்குச் சொல்ல வேண்டும். அதுதான் மூன்றுக்கும் வேலை.

அந்த வேலையை ராக்கு பார்த்தது. சமையலைச் சோணை பார்த்தது. தலைமையைச் செங்கோடன் பார்த்தது. தலைமை என்றால் பெரும்பாலும் கண்ணாடி பார்ப்பதுதான்.

வானத்தில் புல் முளைக்குமா? சுனைதான் ஊறுமா? குடிக்கிற தண்ணீர் முதல் கொறிக்கிற கடலை வரை எல்லாம் கீழேயிருந்துதான் வர வேண்டும். முன்பெல்லாம் ஒரு கூழைக்கடாப் பறவை சரக்கு ஓடத்தை ஓட்டிக்கொண்டு வந்தது. மரியாதை எதிர்பார்க்கிற ஆசாமி அது! வாசலில் மாலை தொங்காவிட்டால் ஓடத்தை நிறுத்தாது. "இன்னும் ரெண்டு சுத்து சுத்திட்டு வாரேன்" என்று முறுக்கிக்கொள்ளும். செங்கோடனுக்கு இந்த வித்தை தண்ணீர்பட்ட பாடு. மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, "வானம் அளந்த வள்ளலே!" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூழைக்கடாவின் தொண்டைப்பை பெருமையில் உப்பிவிடும். இரண்டு மூட்டை கூடுதலாகவே இறங்கும்.

அந்தக் கூழைக்கடாவுக்கு வயதாகிவிட்டது. ஓய்வு கொடுத்தார்கள். காட்டிலிருந்து வானொலியில் புதுச் செய்தி வந்தது.

"இனிமே உங்களுக்குச் சுமைவண்டுங்கற எந்திரம்தான் வரும். அதை ஓட்ட ஆள் கிடையாது. தானாக் கெளம்பும், தானா வரும், தானா வாசல்ல ஒட்டிக்கிரும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்!"

ஒன்றும் பண்ண வேண்டாம் என்றால் தலைவருக்கு என்ன வேலை? செங்கோடனுக்கு அது பிடிக்கவில்லை.

ராக்கு மெதுவாக வந்து சொன்னது. "அண்ணே, வாசக்கதவுக்கு வெளிப்பக்கம் கறுப்பு வட்டத்துல வெள்ளைக் குறி ஒண்ணு போட்டிருக்குல்ல? அதைப் பார்த்துத்தான் வண்டு வரும். அதை மட்டும் தொட்டுறாதீங்க!"

"எனக்கே பாடமா? எத்தனை பேரை வரவேத்த கை இது!" என்றது செங்கோடன்.

தேவாங்கு பகலில் தூங்கும் சாதி. ராக்கு கண்ணை மூடியதும் செங்கோடன் தன் பெட்டியைத் திறந்தது. மேலே வரும்போது மாற்றுத் துணிக்குப் பதிலாக அது கொண்டுவந்தது சுவரொட்டிச் சுருள். ஆளுயரச் சுவரொட்டி. கைகூப்பி, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிற செங்கோடன். அடியில் 'இவண், வான்கூட்டுத் தலைவர் செங்கோடன்' என்று கொட்டை எழுத்து. யார் வந்தாலும் பெயரை எழுதிக்கொள்ள ஓரத்தில் ஒரு விரல் அகலம் இடம் விட்டிருந்தது. அந்த இடத்தில் 'சுமைவண்டே வருக' என்று நெருக்கி எழுதியது நரி.

ஒட்டப் பசை வேண்டுமே! அடுக்களையில் கடைசியாக இரண்டு படி மைதா மிச்சம் இருந்தது. நாளைக்குத்தான் மூட்டை மூட்டையாக வரப்போகிறதே என்று, சோணை அசந்த நேரத்தில் அத்தனையையும் பசையாகக் காய்ச்சிவிட்டது. பிறகு வான் உடுப்பை மாட்டிக்கொண்டு, வாலை உள்ளே திணித்துக்கொண்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வெளியே போனது. வாசலில் இருந்ததோ அழுது வடிகிற ஒரு கறுப்பு வட்டம்.

'விருந்தாளி வருகிற இடத்தில் இப்படி ஒரு அவலட்சணமா?' என்று நினைத்தது. தன் முகத்தை அதன் மேலேயே அழகாக ஒட்டியது. தள்ளி நின்று பார்த்தது. அதற்கே கண்கலங்கிவிட்டது.

மறுநாள் சுமைவண்டு வந்தது. தூரத்தில் பொட்டாகத் தெரிந்தது; பிறகு பூசணிக்காய் அளவுக்கு வளர்ந்தது. மூன்றும் சன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தன. எடையில்லாத அந்தக் கூட்டுக்குள் காலி வயிற்றோடு மிதந்துகொண்டிருந்த சோணைக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இருநூறு முழம் தள்ளி வண்டு சட்டென்று நின்றது.

"குறி தெரியவில்லை. விலகுகிறேன்," என்று வானொலியில் ஒரு குரல் கேட்டது. ஏற்றமும் இல்லாத, இறக்கமும் இல்லாத குரல். "மூன்று முறை முயல்வேன். முடியாவிட்டால் விலகிப்போய் வானத்திலேயே எரிந்துவிடுவேன். அதுதான் எனக்கு இட்ட கட்டளை."

வந்த வழியே பின்னால் போய்விட்டது.

"அய்யோ, எரிஞ்சிருமா?" என்று சோணை அலறியது. "அடுத்த வண்டு வர நாப்பது நாளாகுமே! தண்ணி ரெண்டு நாளைக்குத்தான் கெடக்கு. மைதாவையும் காணோம்!"

'குறி தெரியவில்லை என்கிறதே, ஒருவேளை நம்ம சுவரொட்டி...' என்று செங்கோடனுக்குள் ஒரு எண்ணம் எழுந்தது. அந்த எண்ணத்தை அங்கேயே உட்கார வைத்துவிட்டது. நம் முகம் எப்படித் தடங்கலாகும்? எல்லாம் அந்த வண்டின் கோளாறு!

"பார்த்தியா? ஆளில்லாத வண்டிக்குக் கண்ணும் இல்ல!" என்று சத்தம் போட்டது. "கூழைக்கடாவா இருந்தா இந்நேரம் இறங்கிருக்கும். விடு, நான் பேசிக்கிறேன். பேசி மசியாதது உலகத்துல உண்டா?"

வண்டு இரண்டாம் முறை நெருங்கியது. செங்கோடன் தொண்டையைச் செருமிக்கொண்டு வானொலியைப் பிடித்தது.

"அண்டம் கலக்கும் அஞ்சா நெஞ்சமே! சுமை தாங்கும் சூரியனே! ஏழுசுனைக் காட்டின் எட்டாவது சுனையே! வருக!"

"குறி தெரியவில்லை," என்றது வண்டு.

"பொன்னாடை இருக்கு! மாலை இருக்கு! உங்க பேர்ல ஒரு வீதியே வைக்கிறோம்!"

"குறி தெரியவில்லை."

"ஏய்! நான் யாருன்னு தெரியுமா? ஒரு வார்த்தை கீழே சொன்னேன்னா உன்னைத் தகரத்துக்குப் போட்டுருவாங்க!"

"குறி தெரியவில்லை."

கெஞ்சலும் மிரட்டலும் செல்லாத ஓர் ஆளைச் செங்கோடன் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தது. அதற்குப் பயம் வந்துவிட்டது. அந்த இடைவெளியில் ராக்கு நிதானமாக வானொலியை வாங்கி, ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"தம்பி வண்டு, குறி தெரியலைன்னா அங்கே என்னதான் தெரியுது?"

"வாசலில் ஒரு நரி நிற்கிறது," என்றது வண்டு. "பல்லைக் காட்டுகிறது. நான் வந்தால் நசுங்கிவிடும். யார் மேலும் மோதக் கூடாது என்பது எனக்கு இட்ட கட்டளை. அது உயிர் பிழைக்கட்டும். விலகுகிறேன்."

மறுபடியும் பின்னால் போய்விட்டது. ராக்கு தன் பெரிய கண்களைச் செங்கோடன் பக்கம் திருப்பியது. சோணையும் திருப்பியது.

"அண்ணே," என்றது சோணை, "அந்த மைதாவை என்ன பண்ணீங்க?"

செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டது. பசித்த ஆட்டின் முன்னால் எந்தப் பட்டமும் நிற்காது.

"போஸ்டரைக் கிழிச்சிட்டு வாங்கண்ணே," என்றது ராக்கு. அது கோபப்படவில்லை. அதுதான் நரிக்கு இன்னும் சுட்டது. "நம்ம மூணு பேர் உசுரும் இப்ப அந்த வட்டத்துலதான் இருக்கு. இன்னும் ஒரு தடவைதான் வரும்."

செங்கோடன் மறுபடியும் உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனது. வானத்துக் குளிரில் பசை பாறையாக இறுகியிருந்தது. நகத்தால் பிறாண்டியது. தன் கழுத்தைத் தானே உரித்தது. தன் தாடையைத் தானே கிழித்தது. கிழிபட்ட பற்கள் ஒவ்வொன்றாக வானத்தில் மிதந்து போயின. மூக்கு வரை வந்ததும் கை ஓயவில்லை, மனசு ஓய்ந்தது. நெற்றியும் கண்ணும் எவ்வளவு களையாக இருந்தன! இது மட்டும் இருந்தால் என்ன கெட்டுவிடும்?

"இப்போது வரலாமா?" என்று மூன்றாம் முறையாக வந்து தள்ளி நின்ற வண்டு வானொலியில் கேட்டது.

"வண்டே, இப்பக் குறி தெரியுதா?" என்றது செங்கோடன், ஆசையாக.

"பாதிக் குறி தெரிகிறது. மீதி இடத்தில் அரை நரி இருக்கிறது," என்றது வண்டு. "ஏற்கெனவே யாரோ மோதிவிட்டார்கள் போல. வருந்துகிறேன். வைத்தியரைக் கூப்பிடுங்கள்."

உள்ளே சோணை பசியையும் மறந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு வானொலி வழியாக நரியின் காதில் தெளிவாக விழுந்தது. செங்கோடனுக்கு அழுகையும் வந்தது, வெட்கமும் வந்தது. கடைசியில் பசி இரண்டையும் தள்ளிவிட்டு முன்னால் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, நெற்றியையும் கண்ணையும் கொட்டை எழுத்துப் பெயரையும் ஒரே மூச்சில் கிழித்துப்போட்டது. கறுப்பு வட்டமும் வெள்ளைக் குறியும் பளிச்சென்று வெளியே வந்தன.

"குறி தெரிகிறது," என்றது வண்டு.

செங்கோடன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தடித்து உள்ளே ஓடியது. வண்டு ஆடவில்லை, அசையவில்லை. நூல் பிடித்தாற்போல வந்தது. 'டக்' என்று வாசலில் ஒட்டிக்கொண்டது. கதவு திறந்ததும் தண்ணீர்ப் பைகளும் அரிசி மூட்டையும் கடலையும் அகத்திக்கீரைக் கட்டும் அடுக்கடுக்காகத் தெரிந்தன. சோணை கீரைக்கட்டுக்குள் தலையை விட்டது. அப்புறம் வெகுநேரம் அதன் வால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

செங்கோடன் பழக்கதோஷத்தில் வாசலில் நின்று கைகூப்பியது. "இந்தப் பொன்னான வேளையிலே..." என்று ஆரம்பித்தது. வண்டுக்குச் சரக்கை இறக்கினால் போதும். நரி சுற்றுமுற்றும் பார்த்தது. வாயை மூடிக்கொண்டது. முதல் தண்ணீர்ப் பையைத் தன் தோளில் தூக்கி, ராக்குவிடம் கொண்டுபோய்க் கொடுத்தது.

"நீ முதல்ல குடி தங்கச்சி," என்றது.

வருகிறவருக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல் நம் பெருமைக்காகச் செய்கிற உபசாரம், வீடு தேடி வந்த சோற்றையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.