காத்தமுத்து வீடு திரும்பாத கதை

அந்த நாளில் தாராபுரத்தில் மூன்று முட்டாள்கள் இருந்தோம். சோடாக் கடை நாச்சிமுத்துவையும், ரேஷன் கடையில் எடை போடும் சென்னியப்பனையும் ஊருக்கே தெரியும். மூன்றாவது ஆள் யார் என்பது நான் கணினி வாங்கிய பிறகுதான் வெளியே வந்தது.

நான் ரேடியோ பழுது பார்க்கிறவன். கோயமுத்தூரிலிருந்து பழைய கணினி ஒன்றை வாங்கி வந்து, புத்தகம் பார்த்து, தனியாளாக ஒரு விளையாட்டு செய்யத் தொடங்கினேன். கணினி சொன்னதை மட்டும்தான் செய்யும் என்று அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்ததாம். நான் இரண்டாம் பக்கத்திலிருந்து படித்தவன்.

பதினாலு மாதத்தில் விளையாட்டு தயார். காத்தமுத்து என்று ஓர் ஆள். குச்சி உடம்பு. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. ஏன் அப்படி ஆனது என்று எனக்கே தெரியாது. ஆற்றில் நாலு பாறை. விசையைத் தட்டினால் தாவுவான். தவறினால் தண்ணீர். மொத்தம் மூன்று உயிர். அக்கரையில் அவன் வீடு. வீடு சேர்ந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

என் மனைவி தெய்வாத்தாள் அப்போது இருந்தாள். கணினி வைத்திருந்த மேசையின் மேல் அவளுக்கு ஒரு கண். கிரைண்டரை அங்கே ஏற்ற வேண்டுமாம்.

"ஏனுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள யாராச்சும் ஒருத்தர் அந்த ஆட்டத்த முடிச்சுக் காட்டட்டும். பொட்டி இங்கயே இருக்கட்டும். இல்லீன்னா எங்கண்ணன் வண்டியோட வருவாரு, ஏத்தி உட்டுருவேன்."

"நீயே ஆடிப் பாரேன்."

"அந்தக் காலப் பார்த்தாலே எனக்கு முட்டி வலிக்குதுங்க."

நான் ஆடினால் செல்லாதாம். ஆகவே நண்பர்களைக் கூப்பிட்டேன்.

புதன்கிழமை நாச்சிமுத்து உட்கார்ந்தான். முதல் தட்டிலேயே காத்தமுத்து தண்ணீரில் விழுந்தான். 'ஓர் உயிர் போய்விட்டது' என்று திரையில் வந்தது. நாச்சிமுத்து எழுந்து துண்டை இடுப்பில் கட்டினான்.

"எங்கப்பா கெளம்பிட்டே?"

"தலைக்குத் தண்ணி ஊத்தோணும். கண்ணு முன்னால சாவு உளுந்திருக்குது."

சென்னியப்பன் தடுத்தான். "இரு. மூணு உசுருல ஒண்ணுதான போயிருக்குது? முழுச் சாவுன்னு எப்படிச் சொல்ற?"

"அப்ப இடுப்பு வரைக்கும் ஊத்திக்கட்டா?"

"இடுப்புன்னா அரைச் சாவு ஆயிரும்டா."

தையல்காரரிடம் நாடா வாங்கி வந்து நாச்சிமுத்துவை அளந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு முழங்காலுக்கு நாலு விரல் மேலே வந்தது. வாளி கொண்டு வந்து கொடுத்தவன் நான்.

வியாழக்கிழமை சென்னியப்பன் முறை. 'காத்தமுத்துவைக் காப்பாற்றுங்கள்' என்று திரையில் எழுதியிருந்தேன். ஒரு மணி நேரம் ஆகியும் அவன் விசையைத் தொடவில்லை.

"தட்டுப்பா."

"எதுக்கு? கரையில நல்லாத்தான நிக்கறான். காப்பாத்தோணும்னு எழுதிப் போட்டு, ஆத்துல தள்ளச் சொல்றயே, நீயெல்லாம் மனுசனா?"

யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்னதில் தப்பே தெரியவில்லை. சாயந்திரம் வரை மூன்று பேருமாக உட்கார்ந்து காப்பாற்றினோம்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த வரியை 'ஆற்றைக் கடக்க வையுங்கள்' என்று மாற்றினேன். சென்னியப்பன் தட்டினான். ஒரு பாறை, இரண்டு, மூன்று, நாலு. காத்தமுத்து அக்கரையில் குதித்தான்! தெய்வாத்தாள்கூட அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

காத்தமுத்து நடந்தான். வாசலைத் தாண்டினான். வீட்டைத் தாண்டினான். திரையின் வலது ஓரத்தையும் தாண்டி மறைந்தே போனான். நடக்கச் சொல்லியிருந்த நான், நிற்கச் சொல்ல மறந்திருந்தேன்.

நாச்சிமுத்து பெட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தான். "இந்தப் பக்கமும் வரலையேப்பா."

அந்த நேரம் பார்த்து மச்சான் வண்டியோடு வந்து இறங்கினார். பெட்டியில் கை வைக்கப் போனவரைத் தெய்வாத்தாள் கரண்டியால் மறித்தாள்.

"தொடாதீங்கண்ணா! ஆள் வெளிய போயிருக்கான். வீட்டத் தூக்கிட்டுப் போயிட்டா, எங்க வந்து சேருவான்?"

மச்சான் எங்கள் நாலு பேரையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, வந்த வேகத்தில் வண்டியைத் திருப்பினார்.

"பொட்டி இருக்கட்டும்," என்றாள் என்னிடம். "ஆனா அவன் வூடு வந்து சேர்ற வரைக்குந்தான். நாளைக்குள்ள கூட்டிட்டு வாங்க. இல்லீன்னா திங்கக்கிழமை மேச எனக்கு."

சென்னியப்பன் கணக்குப் போட்டான். விநாடிக்கு ஒரு சாண் நடக்கிறான். வலது பக்கம் என்றால் எங்கள் வீட்டுக்குக் கிழக்கு. நாளை இந்நேரம் மூலனூரில் இருப்பான்.

சனிக்கிழமை மூவரும் கரூர் பஸ்ஸில் ஏறினோம்.

"மூலனூர். போறதுக்கு மூணு, வர்றதுக்கு நாலு," என்றேன்.

கண்டக்டர் நிமிர்ந்தார். "வர்ற டிக்கெட்ட வர்றப்ப எடுங்க. நாலாவது ஆரு, கொழந்தையா? எவ்வளவு ஒசரம்?"

"ஓரங்குலம்."

"அப்ப டிக்கெட்டே வேண்டாம்."

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மீச வெச்ச ஆளுங்க அவன்! ஓசியில கூட்டிட்டு வருவமா?"

"மீசையா?" கண்டக்டர் கொஞ்சம் யோசித்தார். "மீச இருந்தா முழு டிக்கெட்டுத்தான்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த மீசையை ஆசைக்கு வரைந்தவன் நான். என்னால் எதற்கு ஒரு வீண் செலவு? அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வீட்டுக்கு நடந்து வந்து, கணினியில் மீசையை அழித்துவிட்டு, வேறு பஸ் பிடித்து மூலனூர் போய்ச் சேர்ந்தேன்.

பொழுது சாயும்வரை மூன்று பேரும் கடைவீதியில் நின்று பார்த்தோம். மீசை இல்லாததால் எங்களில் ஒருவருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை.