மேகத்தில் வைத்த வருகைக் கணக்கு

அல்லிக்குளத்தின் கரை கசிந்தது. வேலைக்கு ஆள் இருந்தது. அத்தனை பேரும் கரைமேல் ஏறி நின்றுகொண்டதால் வந்த வினை.

குளத்தைக் காக்கும் பொறுப்பு காரி என்ற எருமைக்கு. பெரிய உடம்பு, பொறுமையான மனசு. போன மழையில் கரை உடைந்து தண்ணீர் முழுக்க ஓடிவிட்டது. கோடையில் காடே கிளம்பி வேற்றுக் காட்டில் போய்ப் பிழைத்தது. வழியில் விழுந்தவர்கள் உண்டு. இந்த மழையிலும் உடைந்தால் இன்னொரு முறை நடக்க யாருக்கும் தெம்பு கிடையாது. காரிக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆள் சேர்த்தாள். குரங்குகள் மண் சுமந்தன. பெருச்சாளிகளும் நண்டுகளும் கரைக்குள்ளே புகுந்து பொந்தடைத்தன. உள்வேலைதான் முக்கியம். மேலே மலையளவு மண் கொட்டினாலும், உள்ளே விரல் பருமனில் ஒரு பொந்து இருந்தால் போதும். கரை போச்சு.

வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. வாய்ச்சண்டைதான் தாங்கவில்லை.

"இந்தப் பெருச்சாளி வேலைக்கே வர்றதில்ல காரியக்கா!" என்றது மேஸ்திரிக் குரங்கு.

"உள்ளே இருந்தேன்டா!" என்றது பெருச்சாளி.

"உள்ளே என்ன, தூக்கமா?"

"வந்து பாரேன். உன் தொப்பை நுழையுதான்னு பார்ப்போம்!"

யார் வந்தார், யார் வரவில்லை என்று காரி குளம்பால் சேற்றில் கோடு கீறி வைப்பாள். சாயங்காலம் பார்த்தால் குரங்குகள் மிதித்து எல்லாம் கூழாகியிருக்கும். மறுபடி சண்டை.

காரியின் முதுகில் எப்போதும் ஒரு கொக்கு உட்கார்ந்திருக்கும். ரொம்ப நாள் சிநேகம். உண்ணி பொறுக்கும், யோசனை சொல்லும். உண்ணி கிடைக்காத நாளில் யோசனை கொஞ்சம் அதிகம் வரும்.

"கணக்கைத் தரையிலே வைக்கிறதுதான் தப்பு, காரி" என்றது கொக்கு. "மேலே வைப்போம்."

"மேலேன்னா எங்கே?"

"மேகத்திலே!"

குளத்துக்கு மேலே ஒரு மேகம் நின்றுகொண்டிருந்தது. தங்கமான குணம். 'கரை வேலை முடியட்டும், அப்புறம் பெய்யறேன்' என்று தன் மழையை அடக்கிக்கொண்டு காத்திருந்தது.

"வேலைக்கு வந்தவன் நிமிர்ந்து 'வந்தேன்'னு ஒரு குரல். கிளம்பறவன் 'போறேன்'னு ஒரு குரல்" என்று விளக்கியது கொக்கு. "நடுவிலே மேகம் அப்பப்போ எட்டிப் பார்க்கும். கண்ணுக்குத் தெரிஞ்சவன் பேருக்கு வெள்ளைப் பொட்டு. தெரியாதவனுக்குக் கறுப்புப் பொட்டு. எந்த மூலையிலே இருந்தாலும் நிமிர்ந்து பார்த்தால் கணக்கு தெரியும். எவன் காலும் மிதிச்சு அழிக்காது!"

காரிக்குப் பிடித்துவிட்டது. ஆனாலும் கேட்டாள். "வேலை செய்யறவங்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?"

"கேட்டால் ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. போட்டுட்டோம்னா தானாப் பழகிடும்."

காரி தலையாட்டினாள். அங்கேதான் கெட்டது.

முதல் நாள் சாயங்காலம் பெருச்சாளி மேலே வந்தது. உடம்பெல்லாம் சேறு, மூச்சு வாங்கியது. நிமிர்ந்து பார்த்தது. அதன் பேருக்கு நேரே வரிசையாகக் கறுப்புப் பொட்டு.

"நாள் முழுக்க வேலை செய்தேனே!"

"நான் பார்த்தப்பல்லாம் நீ இல்லையே கண்ணு" என்றது மேகம், பாவமாக.

வெள்ளைப் பொட்டுக்காரர்களுக்குக் கூலியாக அல்லிக்கிழங்கு கிடைத்தது. பெருச்சாளிக்குக் கிடைக்கவில்லை. மேஸ்திரிக் குரங்கு கிழங்கைக் காட்டிக் காட்டித் தின்றது.

மறுநாள் பெருச்சாளி, பொந்து பாதி அடைத்ததும் வெளியே ஓடிவந்து "இருக்கேன்!" என்று கத்திவிட்டுப் போனது. அதற்கடுத்த நாள் உள்ளே போகவே இல்லை. எதற்கு? உள்ளே போனால் கறுப்பு, வெளியே நின்றால் வெள்ளை. நண்டுகளும் மேலே வந்து வரிசையாக நின்று கொடுக்கைத் தூக்கிக் காட்டின. குரங்குகள் மண் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இறக்காமல் நின்றன. மேலிருந்து பார்க்க நன்றாக இருந்தது.

"பார்த்தியா காரி!" கொக்குக்குப் பெருமை பொங்கியது. "ஒரு கறுப்புப் பொட்டு உண்டா? காட்டிலேயே ஒழுங்கான வேலையிடம் நம்மளுதுதான்!"

காரியும் மகிழ்ந்துபோனாள். அந்த மகிழ்ச்சியோடு கரைமேல் நடந்தாள். மதகுக்குப் பக்கத்தில் முன்னங்கால் முட்டிவரை உள்ளே இறங்கியது. காலை உருவினாள். பள்ளத்தில் தண்ணீர் ஊறி நின்றது. வெளிப்பக்கம் குனிந்து பார்த்தாள். கரை பல இடத்தில் வியர்த்துக் கிடந்தது.

"காரியக்கா" என்று மேலேயிருந்து மெல்லக் கூப்பிட்டது மேகம். "வயிறு ரொம்பக் கனக்குது. இனிமேல் அதிகம் தாங்க மாட்டேன்."

காரி கரைமேல் நின்றவர்கள் பக்கம் திரும்பினாள். "கரை கசியுது! யாருடா இருக்கீங்க?"

"இருக்கேன்!" என்றது குரங்கு.

"நானும் இருக்கேன்!" என்றது பெருச்சாளி.

"நாங்களும்!" நண்டுகள் கொடுக்கைத் தூக்கின.

"இருந்து என்னத்துக்குடா!" என்று கத்தினாள் காரி. அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. கத்திவிட்டு, வாயால் சேற்றை அள்ளி அந்தக் கசிவில் அப்பினாள். வழிந்தது. மறுபடி அப்பினாள். அதுவும் வழிந்தது. கண்ணிலிருந்தும் வழிந்தது.

கொக்கு முதுகிலிருந்து அதைப் பார்த்தது. கீழே இறங்கியது. சேற்றில் கால் வைத்தது. வெள்ளைச் சிறகில் சேறு பட்டது. நேரே ஒரு நண்டுப் பொந்தருகில் போய்க் குனிந்தது. பின்னாலேயே காரியும் வந்து நின்றாள்.

கொக்கைக் கண்டதும் நண்டு பொந்துக்குள் பாய்ந்துவிட்டது.

"நண்டண்ணே, ஒரு சந்தேகம் கேட்கணும்."

"முதல்ல வாயை மூடு!"

"மூடிட்டு எப்படிண்ணே கேட்கறது?"

"அப்போ ரெண்டடி தள்ளி நின்னு கேளு!"

கொக்கு ரெண்டடி தள்ளி நின்றது. "உள்ளே வேலை நடக்குதுன்னு வெளியே இருக்கறவனுக்கு எப்படித் தெரியும்?"

"ஏன், கண்ணு இல்லையா? பொந்துக்குள்ளே வேலை செய்தால் மண்ணை உருட்டி உருட்டி வாசல்லே தள்ளுவோம். ஈர உருண்டை. நீங்க நிமிர்ந்து மேகத்தைப் பார்த்தீங்க. மேலே நின்னு கத்தினால்தான் கிழங்குன்னீங்க. கத்தறோம். பொந்தை உங்க பாட்டனா வந்து அடைப்பான்?"

கொக்கு தலையைச் சொறிந்தது. பிறகு மேகத்தை அண்ணாந்து பார்த்தது. "ஈர மண் உருண்டை அங்கேயிருந்து தெரியுமா?"

"பளபளன்னு தெரியுமே!" என்றது மேகம். "எனக்குப் பொந்துக்குள்ளே தெரியாது, வாசல் தெரியும். இதை யாருமே என்கிட்டே கேட்கலையே!"

கொக்கு பெருச்சாளியிடம் போனது. குரங்குகளிடம் போனது. ஒவ்வொருவரிடமும் கேட்டது. திட்டு வாங்கியது. திருப்பித் திட்டவில்லை. எல்லாம் கேட்டு முடித்துக் கரை நடுவில் வந்து நின்றது.

"தப்பு என்னுது. இனி யாரும் கத்த வேண்டாம். பொந்தை அடைச்சால் வாசல்லே ஈர உருண்டை. மண் கொட்டினால் அந்த இடத்திலே ஒரு பச்சைக் கொப்பு. மேகம் அதைப் பார்த்து வெள்ளைப் பொட்டு வைக்கும்."

"அடைக்காமல் சும்மா உருண்டையை வெச்சுட்டா?" என்று கேட்டது மேஸ்திரிக் குரங்கு. தன் ஆட்களை அதற்குத் தெரியும்.

"பக்கத்துப் பொந்துக்காரன் உள்ளேயிருந்து தட்டிப் பார்ப்பான்" என்றது பெருச்சாளி. "ஒலி கெட்டியா இருக்கணும்."

"அதையும் சேர்த்துக்கறேன்" என்றது கொக்கு.

கரைமேல் நின்ற கூட்டம் கரைந்தது. பெருச்சாளிகள் உள்ளே பாய்ந்தன. நண்டுகள் பின்னாலேயே. குரங்குகள் தலையில் வைத்திருந்த கூடையை ஒருவழியாக இறக்கின. கரையெங்கும் ஈர உருண்டைகள் முளைத்தன. உள்ளேயிருந்து தட்டுகிற ஒலி கேட்டபடி இருந்தது. முதலில் தொளதொளவென்று, போகப்போகக் கெட்டியாக.

மதகுப் பக்கம் காரி கால் வைத்தாள். கால் இறங்கவில்லை. இன்னும் அழுத்தினாள். இறங்கவில்லை.

"அக்கா, முடியலே!" என்று அலறியது மேகம்.

"வா கண்ணு. தாராளமா வா!" என்றாள் காரி.

பெய்தது பாருங்கள், அப்படி ஒரு மழை! குளம் தளும்பியது. கரை அசையவில்லை. பெருச்சாளி நனைந்துகொண்டே ரெண்டு கிழங்கு தின்றது. இன்னொன்றைக் குரங்குக்கே கொடுத்தது, திட்டிக்கொண்டேதான்.

வேலை செய்கிறவரைக் கேட்காமல் போட்ட கணக்கு வேலையையே கெடுக்கும். கேட்டுப் போட்ட கணக்குதான் நிற்கும் என்று சேற்றில் இறங்கித் தெரிந்துகொண்டு கரையைக் காப்பாற்றியது, தப்பான கணக்கைப் போட்ட அதே கொக்கு.