வெண்ணெய் வாசனை

குருவுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு நாற்பத்தாறு. பெங்களூரின் தெற்கு ஓரத்தில் இருந்த அந்தச் சின்ன பீர் ஆலையில் அவர்களை முதலில் கிண்டலாகத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். நாளாக ஆகக் கிண்டல் போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

குருவின் பெயர் ஜெனிட்டா, நாகர்கோவில்காரர். காய்ச்சி முடித்த பீரை வாயில் வைத்துப் பார்த்து, அது வெளியே போகலாமா கூடாதா என்று சொல்வது அவர் வேலை.

சீடர் தங்கப்பழம் தென்காசிப் பக்கம். ஒரு சர்க்கரை ஆலையில் பாய்லர் பார்த்தவர், ஆலை மூடியதும் இங்கே டேங்க் கழுவ வந்தார். இடையில் அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு முடித்திருந்தார். அவர் வீட்டில் அதுதான் முதல் பட்டம். டேங்க் கழுவும்போது அவர் சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டுத்தான் குரு அவரைச் சுவை அறைக்கு அழைத்தார். எல்லோரும் 'நல்லா இருக்கு' என்று சொன்ன ஒரு பீரை முகர்ந்து, நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடிக்கிறது என்று அவர் சொன்னார். அது சரியாக இருந்தது.

ஊரில் மனைவியிடம் 'தரம் பார்க்கிற வேலை' என்று சொல்லியிருந்தார். எதோட தரம் என்று மனைவி கேட்டபோது, பஸ் வந்துவிட்டதாகச் சொல்லி போனை வைத்தார்.

சுவை அறைக்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. சுவை பார்க்கும் நாளில் மிளகாய், ஊறுகாய், வெங்காயம் கூடாது. தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் பவுடர் கூடாது. இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும், மொத்தம் ஐம்பது. ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கக் கூடாது என்பதால் இரண்டு நாற்காலிகளும் முதுகோடு முதுகாகப் போடப்பட்டிருந்தன. தாளை மாற்றிக்கொள்ளும்வரை பேச்சும் கிடையாது. கதவைத் திறந்து உள்ளே வரும்போது வணக்கம்கூடக் கைஜாடைதான்.

மூன்று மாதமாக இருவர் மதிப்பெண்ணும் ஒன்றையொன்று ஒட்டியே இருந்தன. குரு முப்பத்தெட்டு போட்டால் தங்கப்பழம் முப்பத்தேழு போட்டிருப்பார். குரு இருபத்திரண்டு என்றால் அவரும் இருபத்திரண்டு. இந்த மாதக் கடைசியில் அவர், பீரை வெளியே அனுப்பும் தாளில் குருவுக்கு அடுத்த இரண்டாவது கையெழுத்துக்காரர் ஆகப் போகிறார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சீடருக்கு குருவின் நாக்கு வந்துவிட்டது என்று பாட்டில் கழுவுகிறவர்கள் சொன்னார்கள். தங்கப்பழம் அதை மறுக்கவில்லை.

அன்றைக்குச் சுவை பார்க்க வேண்டியது ஒரு பிரவுன் ஏல். வறுத்த மால்ட்டில், அதாவது முளைகட்டிய பார்லியில், காய்ச்சும் பழுப்பு நிற பீர். அதைக் காய்ச்சியவர் வேதமுத்து. பதினோரு வருடம் பீப்பாய் கழுவியவர். அவர் தானே அளவு போட்டு, தானே காய்ச்சிய முதல் டேங்க் இது. பாஸானால் அவர் காய்ச்சுகிறவர். இதைக் கொட்டும்படி ஆனால் பழையபடி பீப்பாய்ப் பக்கம் போக வேண்டியதுதான் என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார்.

வேதமுத்துவும் தங்கப்பழமும் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். சமையல் வேதமுத்துதான். பீரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் நாலு இட்லியைத் தட்டில் வைத்து, தொட்டுக்கொள்ள ஒன்றும் வைக்காமல் தள்ளினார். தன் இட்லிக்கும் சட்னி அரைக்கவில்லை. அவர் ஏதாவது கேட்டிருந்தால் தங்கப்பழத்துக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

குரு ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தார். கையைத் தூக்கி வணக்கம் சொன்னார். தங்கப்பழமும் கையைத் தூக்கிவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் டிக்காஷன் நிறம், ஓரத்தில் சிவப்பு. நுரை மெல்லியதாக நின்றது. இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திச் சூடேற்றி, மூடியை எடுத்து முகர்ந்தார். ரொட்டியின் மேல் தோல். வறுத்த வேர்க்கடலையைக் கையில் தேய்த்து ஊதும்போது வரும் வாசனை. முற்றப் போகிற வெல்லப்பாகு. அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. வேதமுத்து சாதித்துவிட்டார்.

மறுபடி முகர்ந்தார். எல்லாவற்றுக்கும் அடியில் வேறொன்று இருந்தது. வாணலியில் வெண்ணெய் உருகத் தொடங்கும்போது வருகிற வாசனை.

அது இருக்கக் கூடாத வாசனை. பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் தன் வேலையை முடிப்பதற்குள் பீரைக் குளிரவைத்தால் அது அப்படியே தங்கிவிடும். இன்றைக்கு மாலை அந்த டேங்க்கைக் குளிரவைப்பதாக இருந்தது.

ஒரு வாய் குடித்தார். நாக்கின் மேல் ஒரு வழுவழுப்பு. இருக்கிறதா, இருப்பதாகத் தோன்றுகிறதா?

அப்போது முதுகுக்குப் பின்னால் குருவின் பேனா நின்றது.

மிகச் சீக்கிரம் நின்றது. தங்கப்பழத்துக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். பீரில் குறை இருந்தால் குரு நிறைய எழுதுவார், பேனா தாளில் வெகுநேரம் ஓடும். நல்ல பீருக்கு இரண்டு வரிதான். இன்றைக்கு ஒரு வரிகூட இராது. இவ்வளவு சீக்கிரம் அது நின்று அவர் கேட்டதில்லை.

தங்கப்பழம் நாற்பத்து நான்கு என்று எழுதினார். குறைகள் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

தாள்களை மாற்றிக்கொண்டார்கள்.

குருவின் தாளில் தேதி இருந்தது. அதன் கீழே இரண்டே சொற்கள்: மூக்கு அடைப்பு.

தங்கப்பழம் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை.

முந்தின நாளிலிருந்தே சளி என்று குரு சொன்னார். குரல் கட்டியிருந்தது. காலையில் ஆவி பிடித்துப் பார்த்தாராம். இங்கே வந்து உட்கார்ந்தால் கொஞ்சமாவது வாசனை வருமா என்று பார்த்தாராம். வரவில்லை. வெந்நீர் குடித்த மாதிரி இருந்ததாம். சொல்லிவிட்டு, தங்கப்பழத்தின் தாளை இரண்டு முறை படித்தார்.

"நாற்பத்து நாலு. நானே இவ்வளவு போட்டதில்ல அண்ணாச்சி."

குரு தாளை மேஜையில் வைத்தார்.

"என்னெல்லாம் கிடைச்சுது?"

ரொட்டித் தோல், வேர்க்கடலை, பாகு என்று வரிசையாகச் சொன்னார். சொல்லி முடித்த பிறகும் குரு காத்திருந்தார்.

"அவ்வளவுதானா?"

"வெண்ணெய் மாதிரி ஒண்ணு இருந்துது மேடம்."

"எழுதலயே."

"உங்க பேனா சீக்கிரம் நின்னுட்டுது."

தங்கப்பழத்துக்குக் காது சூடானது. இத்தனை நாளும் பேனாச் சத்தத்தை வைத்தே தான் மதிப்பெண் போட்டுவந்தது, சொல்லி முடிக்கும்வரை தனக்கே முழுதாகத் தெரியாது என்று அவர் பிறகு நினைத்துக்கொண்டார்.

குரு எழுந்து அலமாரியைத் திறந்து, மூன்று மாதத் தாள்களையும் எடுத்து மேஜையில் வைத்தார். அவருடையது ஒன்று, தங்கப்பழத்துடையது ஒன்று என்று ஜோடி ஜோடியாகக் கிளிப் போட்டிருந்தது. நாலைந்து ஜோடிகளைப் புரட்டிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு தும்மலும் வந்தது.

"ரெண்டு தாளும் ஒண்ணாவே இருந்தா இந்த ரூம்ல எதுக்கு அண்ணாச்சி ரெண்டு நாற்காலி?"

திட்டுகிற குரல் இல்லை அது. அதனாலேயே தங்கப்பழத்துக்கு உட்கார முடியவில்லை. எழுந்து நின்றார். தன்னைப் பழையபடி டேங்க் கழுவ அனுப்பிவிடலாம் என்றார். குரு ஒரு புதுத் தாளை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். தன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜன்னலருகே போய் நின்றார்.

தங்கப்பழம் கோப்பையை மறுபடி நிரப்பினார். கெட்டிலில் தண்ணீர் சுடவைத்து, கோப்பையை அந்த வெந்நீரில் இறக்கி மூடிவைத்தார். வெண்ணெய் வாசனை ஒளிந்திருந்தால் சூட்டில் வெளியே வரும். கால் மணி நேரம் கழித்துத் திறந்தார். வாசனை இப்போது அடியில் இல்லை, மேலேயே இருந்தது.

ரொட்டித் தோல், வேர்க்கடலை, பாகு என்று ஒரு வரி எழுதி, முப்பத்திரண்டு போட்டார். குறைகள் என்ற கட்டத்தில் 'வெண்ணெய்' என்று எழுதினார். தாளின் கீழே இரண்டே பெட்டிகள்: அனுப்பலாம், கொட்டலாம். இரண்டிலும் டிக் போடாமல் பக்கத்தில் 'குளிரவைக்காமல் நாலு நாள் விடவும்' என்று எழுதினார். டேங்க் இப்போது இருக்கிற சூட்டிலேயே விட்டுவைத்தால் ஈஸ்ட்டே அந்த வாசனையைத் தின்றுவிடும். தின்னாமலும் போகலாம்.

வேதமுத்துவைக் கூப்பிட்டார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, தாளை வாங்கி வாசலில் நின்றபடியே படித்தார். முதலில் மதிப்பெண்ணைப் பார்த்தார். அப்புறம் 'வெண்ணெய்'. பிறகு கோப்பையைக் கேட்டு வாங்கி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். குடித்தார்.

"எனக்கு ஒண்ணும் வரலயே அண்ணாச்சி."

சிலருக்கு அந்த வாசனை பிடிபடாது, அது அவர்கள் தப்பில்லை என்று குரு சொன்னார். வேதமுத்து குருவைப் பார்த்தார். குரு தன் மூக்கைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

ஆகவே அந்த ஆலையில் அன்றைக்கு அந்த வாசனை ஒரே ஒருவருக்குத்தான் கிடைத்தது.

வேதமுத்து கோபப்படவில்லை. சனிக்கிழமைக்குள் டேங்க் காலியாக வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. நாலு நாள் என்றால் அவர் கேட்க மாட்டார், இதைக் கொட்டிவிட்டு அடுத்ததைப் போடு என்பார். இதையெல்லாம் மெதுவாக, கணக்கு வாத்தியாரிடம் சந்தேகம் கேட்கிற மாதிரி சொன்னார். அப்புறம் கேட்டார்.

"நிச்சயமா இருக்கா?"

தங்கப்பழம் கோப்பையைப் பார்த்தார். குரு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

"இருக்கு வேதம்."

"முதலாளிகிட்ட யார் சொன்னதாச் சொல்ல?"

"நான் சொன்னேன்னு சொல்லு."

வேதமுத்து தாளை நாலாக மடித்தார். பிறகு, மடிக்கக் கூடாத தாள் என்று நினைவு வந்ததுபோல விரித்து நீவினார். நல்ல வாசனைகள் எழுதியிருந்த வரியை இன்னொரு தடவை படித்தார். அதில் எதையும் கைதவறி எழுதவில்லையே என்று கேட்டார். இல்லை, அது அப்படியே இருக்கிறது, பிரமாதமாக இருக்கிறது என்றார் தங்கப்பழம். அப்படியானால் கொட்ட விடக் கூடாது என்று சொல்லிவிட்டு வேதமுத்து வெளியே போனார்.

குரு முதலாளிக்கு போன் போட்டார். இந்தப் பக்கம் கேட்டது மட்டும்தான் தங்கப்பழத்துக்குக் கிடைத்தது. ஆமா, வெண்ணெய். இல்ல, எனக்கு மூக்கே இல்ல. அவர்தான் பார்த்தார். இல்ல சார், நான் பார்த்துட்டுச் சொல்ற பேச்சே இல்ல, எனக்குச் சளி விட ஒரு வாரம் ஆகும். அவர் எழுதினதுதான். ஆமா, கையெழுத்தும் அவருதுதான்.

போனை வைத்தார். திங்கட்கிழமை காலைவரைக்கும் விட்டிருக்கிறார், அப்போதும் வெண்ணெய் இருந்தால் கொட்டிவிட வேண்டும் என்றார். திங்கட்கிழமையும் முகர்ந்து சொல்ல வேண்டியவர் தங்கப்பழம்தான்.

தங்கப்பழம் நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே, டேங்க்கின் குளிர் வால்வை வேதமுத்து இறுக்கி மூடும் சத்தம் கேட்டது. நன்றாக மூடிவிட்டதா என்று அவர் இன்னொரு தடவை திருகுவதும் கேட்டது.

"மேடம்."

"சொல்லுங்க."

"வாசனையே இல்லாம இருந்து, நானா கற்பனை பண்ணியிருந்தா? இருபது வருசம் பாய்லர் புகையில நின்ன மூக்கு இது. தப்பா இருந்தா என்ன செய்ய?"

குரு ஜோடி ஜோடியாக இருந்த தாள்களின் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். தன்னுடையதை ஒரு பக்கமும் அவருடையதை இன்னொரு பக்கமுமாக அடுக்கினார். அடுக்கி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"தப்பா இருந்தா அது உங்க தப்பா இருக்கும் அண்ணாச்சி. மூணு மாசத்துல உங்களோடதுன்னு சொல்ல ஒரு தப்புகூட இந்தத் தாள்ல இல்ல."