கிடங்கில் கேட்ட முனகல்

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் இருட்டியதும், வாயை மூடிக்கொண்டு நூறு பேர் செபமாலை சொல்வதுபோல ஒரு முனகல் கேட்டது. அது கோயில் கிடங்கிலிருந்து வந்தது. கொடியேறும்வரை விழாத் தலைவரைத் தவிர யாரும் அதற்குள் போகக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். சாவி தலைவர் இருதயராஜின் இடுப்பில் இருந்தது.

கொசுப்புகை அடிக்கும் பிரகாசியை அவர் எல்லோர் முன்பும் நிறுத்தினார். “விடிஞ்சா பத்தாயிரம் சனம் வரும். ஒரு கொசு பறந்தாலும் உனக்கு வேலை இல்ல.”

“கிடங்குக்குள்ளயும் அடிக்கணும் ஐயா.”

“அதுல கொசுவே கிடையாது. எனக்கே சொல்ல வந்துட்டா!”

“அப்ப நல்லதாப் போச்சு. ஊரெல்லாம் புகை போடப் போறேன், உங்களுக்கோ மூச்சிழுப்பு. புகையும் கொசுவும் இல்லாத இடம் அது ஒண்ணுதான். அரைமணி நேரம் உள்ள உட்காருங்க.”

கூட்டமே அவரைப் பார்த்தது. மறுக்க வழியில்லாமல் திறந்துகொண்டு போனார்.

முனகல் சட்டென்று நின்றது.

பிறகு அவர் அலறியபடி, உடம்பெல்லாம் கொசு மொய்க்க வெளியே ஓடிவந்தார். டார்ச் அடித்துப் பார்த்தால், போன வருடத் தண்ணீர் டிரம்கள் மூடியில்லாமல், கூரை ஒழுகி நிரம்பி, கொசுவின் கூத்தாடிப் புழுக்களாய் நெளிந்தன. பங்குச்சாமியார் தலையசைக்க, பிரகாசி உள்ளே போய் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள்.

“நாளைக்கும் நீயே வந்து அடிம்மா” என்றார் அவர்.

தலைவர் வேட்டியை உதறியபடி வீட்டுக்கு ஓடி, கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டார். முனகல் இப்போது அந்தக் கதவுக்கு உள்ளேயிருந்து கேட்டது.