மருதாயி உதைத்த கல்

கல்லாற்றுப் பள்ளத்தின் இந்தக் கரையில் மருதாயி என்றொரு முயல் இருந்தது. அது யாரையும் நம்பாது. புல்லைக்கூட மூன்று முறை மோந்து பார்த்த பிறகுதான் கடிக்கும்.

அந்த வருட மழையில், பள்ளத்தின் குறுக்கே பாலம் போலக் கிடந்த பெரிய மரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மருதாயியின் மகள் வெள்ளச்சி அக்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்தது. அதற்கு இது தலைப்பிரசவம். தினமும் விடிந்ததும் பின்னங்காலால் தரையைத் தட்டும். அந்தச் சத்தம் இக்கரை வரை கேட்கும். ‘அம்மா, இன்னும் வரலையா?’ என்று அதற்கு அர்த்தம்.

பள்ளத்துக்குள் இறங்கினால் நரி பிடித்துவிடும். அக்கரைக்குப் போக ஒரே வழி, பறப்பதுதான்!

அதற்கு ஒரு வண்டி செய்து வைத்திருந்தது சடையன் என்ற மலையணில். பாக்கு மட்டைகளை மூங்கிலில் கட்டி இறக்கை வைத்திருந்தது. முன்னால் ஓர் இடம், பின்னால் ஓர் இடம். இறக்கையிலிருந்து இரண்டு கொடிகள் பின்னால் இருப்பவர் கைக்கு வரும். அவற்றைப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும்.

ஏழு நாள் இக்கரைச் சரிவில் பாடம் நடந்தது. சடையன் முன்னால், மருதாயி பின்னால்.

“கொடியை ஏன் இந்த இறுக்கு இறுக்குறீங்க அக்கா! யாரு கழுத்தை நெரிக்கிறீங்க?”

“விட்டா விழுந்துடுவேன் தம்பி!”

“இறுக்கினாத்தான் விழுவீங்க! காத்து குலுக்கினா குலுக்கட்டும். கையைத் தளர்த்துங்க. இறக்கையைப் பார்க்காதீங்க, தூரத்து மரத்தைப் பாருங்க. வண்டி தானா நிமிரும்.”

மருதாயிக்கு உறுத்தியது. பிடித்திருப்பதை விடச் சொல்கிறானே, எதற்கு? கூலியும் கேட்கவில்லை. இவனுக்கு இதில் என்ன லாபம்?

“நீயும் நானும் ஒண்ணாவே அக்கரைக்குப் போயிடலாமே?” என்று ஒரு நாள் நைசாகக் கேட்டுப் பார்த்தது.

“ரெண்டு பேர் பாரம் தாங்காது. நடுப் பள்ளத்துல இறங்கிடும். தனியாத்தான் போகணும்.”

ஏழாம் நாள் பாடம் முடிந்து மருதாயி பள்ளத்தின் விளிம்பில் மேய்ந்துகொண்டிருந்தது. கீழே மணல் திட்டில் இருந்து நரி கூப்பிட்டது.

“தங்கச்சி! நாளைக்குப் பறக்கப் போறியாமே!”

“உனக்கு என்ன?”

“ஒரு அக்கறைதான். வண்டியில கல்லு வச்சு அனுப்புவான், பார்த்துக்க. போன மாசம் ஆமை போச்சு. அப்புறம் சருகுமான் போச்சு. ஒண்ணாவது திரும்பி வந்துச்சா?”

மருதாயியின் காது இரண்டும் நட்டுக்கொண்டன. அட, வரவில்லைதான்!

எட்டாம் நாள் விடிந்தது. அக்கரையிலிருந்து சத்தமே வரவில்லை. அப்படியென்றால், பிள்ளைக்கு வலி எடுத்துவிட்டது!

ஓடிப்போய்ப் பார்த்தால், சடையன் விளாம்பழம் அளவு ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வருகிறது! வண்டியின் முன்னிடத்தில் அதை வைத்தது.

‘பாரம் தாங்காது என்றவன் கல்லை ஏற்றுகிறான். நரி சொன்னது சரிதான்!’ என்று நினைத்தது மருதாயி. வண்டியின் ஒவ்வொரு கட்டையும் முடிச்சையும் மோந்து பார்க்க ஆரம்பித்தது.

“அக்கா, வெயில் எதிர்க்கரைப் பாறையில ஏறுறதுக்குள்ள கிளம்புங்க! பாறை சுட்டுதுன்னா காத்து முரட்டுத்தனம் பண்ணும்.”

‘ஏன் இப்படி அவசரப்படுத்துகிறான்?’ மருதாயி முதல் முடிச்சிலிருந்து மறுபடியும் மோந்தது.

சடையன் அதன் முகத்தையே பார்த்தது. “என்னக்கா, என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?”

“ஒண்ணுமில்ல தம்பி.”

மூன்றாம் தடவையும் மோந்து முடித்தபோது எதிர்ப்பாறை முழுக்க வெயில். சடையன் தள்ளிவிட்டது. வண்டி விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் ஏறியது.

அப்பா, எவ்வளவு சுளுவாகப் போகிறது! மருதாயி திரும்பிப் பார்த்தது. சடையன் புள்ளியாகத் தெரிந்தது.

“என்னையா ஏமாத்தப் பார்க்கிறே!”

முன்னங்கால்களால் கொடிகளைப் பிடித்துக்கொண்டு, பின்னங்காலை நீட்டிக் கல்லை ஓர் உதை விட்டது. கல் உருண்டு கீழே போய் மணலில் ‘தொப்’பென்று விழுந்தது. பக்கத்தில் படுத்திருந்த நரி துள்ளி எழுந்து மேலே பார்த்தது. அதன் முகம் மலர்ந்தது.

மறுகணம் வண்டியின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. சுட்ட பாறையிலிருந்து கிளம்பிய காற்று கீழிருந்து ஒரு குத்து விட்டது. மட்டைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. வண்டி செங்குத்தாக நின்று, பின்பக்கமாகச் சரிந்தது. மருதாயி பல்லைக் கடித்துக்கொண்டு கொடிகளை இறுக்கியது. இறுக்க இறுக்க வண்டி இன்னும் ஆடியது.

கீழே நரி வண்டியின் நிழலோடு நிழலாக ஓடி வந்தது.

“வா தங்கச்சி, வா! அண்ணன் இருக்கேன்!”

நரிக்கு வாயெல்லாம் எச்சில். அப்போதுதான் மருதாயிக்கு உறைத்தது. சடையனுக்கு என்ன லாபம் என்று ஏழு நாள் யோசித்தோமே! இவனுக்கு என்ன லாபம் என்று ஒரு நிமிஷம் யோசித்தோமா?

முன்னிடம் காலியாகக் கிடந்தது. ஏழு நாளும் சடையன் உட்கார்ந்திருந்த இடம். சடையன் இல்லாத குறைக்குத்தான் அந்தச் சின்னக் கல்! மூக்கை அமுக்கி வைக்க!

“கல்லு போனா என்ன? நான் இருக்கேன்!”

கொடிகளோடு மருதாயி முன்னிடத்துக்குத் தவழ்ந்தது. முன்னால் போகப் போகக் கொடிகள் தாமாகவே தளர்ந்தன. மூக்கு மெல்ல இறங்கியது. காற்று மறுபடியும் ஒரு குலுக்குக் குலுக்கியது. இறுக்கிப் பிடிக்கக் கை பரபரத்தது. இறுக்கவில்லை. அக்கரை வேங்கை மரத்தையே பார்த்தது. குலுக்கல் வந்தது, போனது. வண்டி தானாக நிமிர்ந்தது!

ஆனால் உயரம் போய்விட்டது. கரைக்கு ஒரு முழம் கீழே புதரில் மோதி வண்டி நொறுங்கியது. நரி சரிவில் ஏறிப் பாய்ந்தது. மருதாயியும் கரைக்குப் பாய்ந்தது. நரியின் வாயில் ஒரு கொத்து வால் மயிர்தான் மிஞ்சியது.

மூச்சு வாங்க மகளின் புதருக்கு ஓடியது மருதாயி. வாசலில் ஆமையும் சருகுமானும் காவலுக்கு நின்றன. உயிரோடு, கொழுகொழுவென்று!

“வாங்க அக்கா! மூணு குட்டி. தாயும் சுகம்!” என்றது ஆமை.

வெள்ளச்சி அம்மாவைப் பார்த்ததும் அழுதுவிட்டது. “ஏம்மா இவ்வளவு நேரம்? வெயில் பாறையில ஏறினப்ப எப்படித் துடிச்சேன் தெரியுமா? நீ வந்துடுவேன்னு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன்.”

அந்த நேரம் மருதாயி இரண்டாம் தடவையாக முடிச்சுகளை மோந்துகொண்டிருந்தது. அதை மகளிடம் எப்படிச் சொல்லும்? கண் கலங்கக் குட்டிகளை ஒவ்வொன்றாக நக்கிக் கொடுத்தது.

வாசல் ஓரத்தில் விளாம்பழம் அளவில் இரண்டு கற்கள் கிடந்தன.

“இதெல்லாம் என்ன?” என்றது மெதுவாக.

“நாங்க வந்தப்ப சடையன் ஆளுக்கொரு வண்டி செஞ்சு, அதுல வச்ச கல்லு. ஒண்ணு என்னுது, ஒண்ணு சருகுமானுது. ஞாபகத்துக்குப் போட்டு வச்சிருக்கோம்,” என்றது ஆமை. “உங்க கல்லு எங்க அக்கா?”

மருதாயி பள்ளம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது.

சந்தேகப்படுவது தப்பில்லை, ஆனால் வந்த சந்தேகத்தை உரியவரிடம் வாய் திறந்து கேட்காமல் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டால், காப்பாற்ற வந்ததைத்தான் முதலில் உதைத்துத் தள்ளுவோம்.