நிமிராத தலைகள்

“யாரும் நிமிர்ந்தே பார்க்கலை, மாஸ்டரம்மா.”

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தணிகாசலம் இதைச் சொல்லிவிட்டார்.

ஷமீமா உலைக்கு முன்னால் நின்றிருந்தாள். நீளமான இரும்புக் குழாயின் நுனியில் உருகிய கண்ணாடி ஒரு கொய்யாப்பழம் அளவுக்குத் தொங்கியது. குழாயை உருட்டுவதை நிறுத்தாமல் மறுநுனியை அவர் பக்கம் நீட்டினாள்.

“ஊதுங்க.”

வாயில் குழாய் இருந்தால் புலம்ப முடியாது. அவர் ஊதினார்.

“மெதுவா சார். இது என்ன பலூன் கடையா?”

குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு ஐம்பத்திரண்டு. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. தெரிந்தவரிடம்தான் கற்றுக்கொள்ள முடியும், மூத்தவரிடம் இல்லை.

கொளத்தூரில் மீன் தொட்டி ஒட்டி விற்றுக்கொண்டிருந்த மனிதர் அவர். நாற்பது வயதில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மரக்காணம் சாலையிலிருந்த இந்தப் பட்டறைக்கு வந்தார். முதல் ஆறு மாதம் அவர் ஊதியதெல்லாம் உடைந்தது. அப்புறம் உடையவில்லை. இன்றைக்கு விமான நிலையத்தில், நட்சத்திர ஓட்டலில், எங்கே பார்த்தாலும் அவர் செய்த கண்ணாடி கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. பத்திரிகைகளில் அவர் படம் வருகிறது.

ஷமீமாவின் படம் எதிலும் வந்ததில்லை. உலை அணையாமல் இருந்தால் போதும் அவளுக்கு.

ஊதி முடித்த குடுவையைக் குழாயிலிருந்து தட்டி எடுத்து, ஆற வைக்கும் அடுப்புக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

“இப்போ சொல்லுங்க. யார் நிமிர்ந்து பார்க்கலை?”

“ஆஸ்பத்திரியில.”

அவளுக்கு அந்த வேலை தெரியும். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, நோயாளியின் வீட்டார் காத்திருக்கும் பெரிய கூடம். கூரையில் வெயில் இறங்கும்படி கண்ணாடி போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே இருநூற்றுப் பன்னிரண்டு கண்ணாடித் துண்டுகளை மழை மாதிரி தொங்கவிட்டிருந்தார் தணிகாசலம். பதினாலு மாத உழைப்பு அது. தன் வேலையிலேயே சிறந்தது அதுதான் என்று அவர் நினைத்திருந்தார்.

“மாட்டி ரெண்டு வருஷம் ஆச்சு. போன வாரம் ஒரு நாள் முழுக்க அங்கே உட்கார்ந்து எண்ணினேன்.”

“எதை?”

“நிமிர்ந்த தலையை. நானூறு பேராவது வந்திருப்பாங்க. நிமிர்ந்தது பதினோரு பேர்.”

“பரவாயில்லையே.”

“அதுல ஏழு பேர் கொட்டாவி விட்டவங்க. மூணு பேர் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கிட்டாங்க.”

“மிச்சம் ஒருத்தர்?”

“பல்பு மாத்த வந்த எலெக்ட்ரீஷியன்.”

ஷமீமா வாய்விட்டுச் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கிவிட்டது. பெரிய மனிதர்தான், ஆனாலும் வலித்தது.

“சென்னையில ஒரு கலைக்கூடத்துல அதைக் கேக்கிறாங்க. நிரந்தரமா வச்சுக்குவாங்களாம். இருட்டு அறை, சுத்தியும் விளக்கு, பார்க்கறதுக்குன்னே வர்ற ஜனம். ஆஸ்பத்திரியில கேட்டேன். தாராளமா எடுத்துக்குங்க, அந்த இடத்துல டிவி வச்சிடறோம்னாங்க.”

“டிவியா?”

“பெரிய டிவி. நாளைக்கு வண்டி வருது.”

“சரி. இங்கே எதுக்கு வந்தீங்க? எடுக்கலாமான்னு கேக்கவா, எடுத்துக் கட்டித் தரச் சொல்லவா?”

“ரெண்டுக்கும்தான். அங்கேயும் யாரும் பார்க்கலைன்னா நான் திரும்ப மீன் தொட்டிக்கே போயிடுவேன், மாஸ்டரம்மா. மீனாவது நிமிர்ந்து பார்க்கும்.”

“கட்டித் தரேன்.”

“முதல் கேள்விக்கு?”

ஷமீமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏணி எத்தனை மணிக்கு?”

அவ்வளவுதான். அவர் மூன்று முறை கேட்டுப் பார்த்தார். அவள் வைக்கோலையும் அட்டைப் பெட்டிகளையும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு இருவரும் ஆஸ்பத்திரிக் கூடத்தில் நின்றார்கள்.

நாற்காலியெல்லாம் நிறைந்திருந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை. எல்லாருடைய தலையும் குனிந்திருந்தது.

“பார்த்தீங்களா?” என்றார் தணிகாசலம், மெதுவாக.

“பார்த்தேன்.”

“ஒருத்தர்கூட இல்லை.”

ஷமீமா ஏணியைச் சரியாக நிறுத்தி, காலால் அழுத்திப் பார்த்தாள்.

“எதை முதல்ல கழட்டணும்?”

“அந்தப் பச்சையை. ஒரு இரும்புக் கொக்கி அசிங்கமாத் தெரிஞ்சது, அதை மறைக்கத்தான் அதை மாட்டினேன். அது போனா ஒண்ணும் இல்லை.”

அவரே ஏறினார். பச்சைத் துண்டு தேங்காய் அளவு இருந்தது. ஒரு பக்கம் தடிமனாகவும் ஒரு பக்கம் மெலிந்தும் இருக்கும் கட்டிக் கண்ணாடி. இரண்டு கையாலும் தாங்கி, கொக்கியிலிருந்து நகர்த்தி எடுத்தார்.

“ஐயையோ!”

கீழே ஒரு பெண் எழுந்து நின்றுவிட்டாள். ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை வைத்திருந்தாள்.

“எங்கே போச்சு? இப்பத்தானே இங்கே இருந்துச்சு!”

தணிகாசலம் ஏணியில் அப்படியே நின்றார். ஏதோ பர்ஸ் காணாமல் போய்விட்டது என்றுதான் நினைத்தார்.

“என்னம்மா காணோம்?”

“பச்சை, சாமி. பச்சை வெளிச்சம். இந்தக் கல்லுமேலதான் இருந்துச்சு.”

அவள் தரையைக் காட்டினாள். வெள்ளை டைல்ஸ். அங்கே இப்போது ஒன்றும் இல்லை.

“அது எதுக்கும்மா உங்களுக்கு?”

“எதுக்கா? எங்க வீட்டுக்காரரை உள்ளே வச்சிருக்காங்க. வயித்துல ஆபரேஷன். வாட்ச்மேன்தான் சொன்னாரு. வேதவல்லி, நீ உட்கார்றப்போ பச்சை எந்தக் கல்லுல இருக்குன்னு பார்த்துக்கோ, அங்கேயிருந்து ஆறு கல்லு தாண்டினா டாக்டர் வெளியே வந்துடுவார்னாரு. மூணு தாண்டிடுச்சு. இன்னும் மூணுதான் பாக்கி.”

“சுவத்துல கடிகாரம் இருக்கேம்மா.”

“அதைப் பார்த்தா நெஞ்சு அடிச்சுக்குது சாமி. இது சத்தம் போடாம வருது.”

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் தலையைத் தூக்காமலே சொன்னார்.

“நான் நாலு நாளா இருக்கேன். எனக்குச் சிவப்பு.”

“எங்களுக்கு அந்த ஊதா,” என்றாள் சுவரோரமிருந்த ஒருத்தி. “நேத்து சாயங்காலம் ஊதா கதவுகிட்ட வந்தப்பத்தான் எங்க அண்ணி கண்ணு முழிச்சாங்க.”

“மேகம் வந்தா என்ன பண்ணுவீங்க?” இதைக் கேட்டது ஷமீமா.

“வாட்ச்மேனைத் திட்டுவோம்.”

தணிகாசலம் ஏணியின் மேலிருந்து தரையைப் பார்த்தார்.

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பார்த்தார். தரை முழுக்கச் சிவப்பு, ஊதா, மஞ்சள், வெறும் வெள்ளை. எல்லாம் மெல்ல மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

சந்தோஷம்தான் அவருக்கு, வேறொன்றும் இல்லை.

குருவைப் பார்த்தார். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு, எல்லாரையும் போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாஸ்டரம்மா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“கையில கனம் இருக்கு. பேச்சு வேணாம்.”

அவர் பச்சையைத் திரும்பக் கொக்கியில் மாட்டினார்.

“வந்துச்சா?”

“வரலை சாமி. உங்க தலை மறைக்குது.”

தலையைச் சாய்த்துக்கொண்டார்.

“இப்போ?”

வேதவல்லி தரையைப் பார்த்தாள். அவள் முகம் வாடிவிட்டது.

“ஒரு கல்லு பின்னாடி போயிடுச்சே. அப்போ அவரு இன்னும் ஒரு மணி நேரம் அதிகமா அங்கேயே கிடக்கணுமா?”

“இல்லம்மா, இல்லம்மா. இருங்க.” அவருக்கு வியர்த்துவிட்டது. எத்தனையோ திறப்பு விழாக்களில் மந்திரிக்கும் முதலாளிக்கும் முன்னால் நின்றவர், இப்படிப் பதறியதில்லை. “திருப்பி வைக்கிறேன். எந்தக் கல்லுன்னு மட்டும் சொல்லுங்க.”

கட்டிக் கண்ணாடியை விரல் அகலம் திருப்பினார். கீழே பச்சை வழுக்கிக்கொண்டு ஓடியது.

“ரொம்பப் போயிடுச்சு!”

“நல்லதுதானேம்மா,” என்றார் சிவப்புப் பெரியவர். “சார், அப்படியே ஆறாவது கல்லுக்குத் தள்ளி விட்டுடுங்க. சீக்கிரம் முடியட்டும்.”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. காலையிலிருந்து அங்கே யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். வாட்ச்மேன்கூட எட்டிப் பார்த்தார்.

வேதவல்லிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கையை ஆட்டினாள்.

“வேணாம் சாமி. டாக்டர் அவசரப்பட்டுடுவாரு. இருந்த இடத்துலயே வைங்க.”

“சரிம்மா.”

“இந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம். ஆடாமப் பிடிங்க.”

அப்போது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் உள்ளே வந்தான். காக்கிச் சட்டை, காதில் பேனா, கையில் ரசீதுப் புத்தகம். கலைக்கூடத்து வண்டியின் டிரைவர்.

“சார், வண்டி வந்தாச்சு. மொத்தம் எத்தனை பெட்டி?”

தணிகாசலம் திரும்பவில்லை.

“சும்மா இருப்பா,” என்றார். “அம்மா கல்லு சொல்லிக்கிட்டிருக்காங்க.”