ஆடிக்குப் பிறந்த வீடு போன டிராக்டர்

ராஜா காலத்தில் டிராக்டர் ஏது என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கொன்றையூர் ராஜ்யத்தில் இருந்தது. அதுவும் பழைய டிராக்டர்.

கொன்றையூர் மன்னர் மகுடவர்மருக்குக் கொட்டகை கொள்ளாத மாடுகள். அவற்றுக்கு வைக்கோல் ஏற்றிவர ஒரு டிராக்டர் வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்ன வாய் மூடுவதற்குள் அமைச்சர் கங்காதரர் ஓடிவந்தார். அவருடைய மாமனார் வீட்டில் ஒன்று சும்மா நின்றது. கோழிகள் அதில் அடைகாத்துக்கொண்டிருந்தன.

மன்னர் பார்க்கப் போன அன்று கோழிகளைக் காணோம். புதுச் சிவப்புப் பெயிண்ட், வெல்வெட் சீட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். விடியற்காலையிலேயே ஊரைக் கூட்டித் தள்ளி இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்ததால், சாவியைத் திருகியதும் உறுமியது. விவரம் தெரிந்தவன் இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பான், ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பான். மன்னர் ஹாரனை அழுத்தினார். "பாம்!" என்றது. ராஜாக்களுக்கு அது போதும்.

"நானே தேர்ந்தெடுத்தேன்!" என்று பூரித்தார் மன்னர்.

"மகாராஜா, விற்கிறேன் என்று மட்டும் நினைக்காதீர்கள்" என்று அமைச்சர் தழுதழுத்தார். "பெற்ற பெண்ணைக் கட்டிக்கொடுப்பது போலக் கொடுக்கிறேன்."

மன்னர் உருகிவிட்டார். டிராக்டருக்கு ஆரத்தி எடுத்து, வலது சக்கரத்தை முதலில் எடுத்து வைக்கச்சொல்லி அரண்மனைக்குள் அழைத்தார்கள். 'பட்டத்து டிராக்டர்' என்று பட்டமும் கொடுத்தார்கள். பட்டம் வாங்கிய மறுநாளே அது படுத்துவிட்டது.

காலையில் தள்ளினால்தான் கிளம்பும். கிளம்பினால் நிற்காது. நின்றால் கிளம்பாது. ரேடியேட்டர் ஒழுகியது. குடித்த டீசலைப் பாதி கீழே துப்பியது. டிரைவர் ராக்கப்பன், "இஞ்சின் செத்துப்போச்சு சாமி" என்று உள்ளதைச் சொன்னான். மன்னர் தேர்ந்தெடுத்ததைக் குறைசொன்ன குற்றத்துக்காக அவனைச் சிறையில் தள்ளினார் அமைச்சர். பட்டத்து டிராக்டர் இருக்கும்போது மாட்டுவண்டியில் வைக்கோல் ஏற்றுவது ராஜ நிந்தனை என்றும் ஓர் உத்தரவு போட்டார். பிறகு ஊரில் எல்லோரும் "டிராக்டர் ஓய்வெடுக்கிறது" என்றுதான் சொன்னார்கள்.

வைக்கோலுக்குப் பொறுப்பு, விகடம் பேசும் சாத்தப்பன். கோடை அறுவடை முடிந்து வைக்கோல் வயலில் கிடந்தது. மேற்கே மேகம் கறுத்தது.

"மழைக்கு முன்னால் வைக்கோல் போர் ஏறவில்லை என்றால் உன்னை நாடு கடத்துவேன்" என்றார் மன்னர்.

டிராக்டர் ஓடாது என்று சொன்னால் சிறை. சொல்லாவிட்டால் நாடு கடத்தல். அமைச்சர் மீசைக்குள் சிரித்தார். 

மறுநாள் சாத்தப்பன் சபைக்குத் தாம்பூலத் தட்டோடு வந்தான்.

"என்ன விசேஷம்?" என்றார் மன்னர்.

"நாளை ஆடி பிறக்கிறது, மகாராஜா. புதுப்பெண் புகுந்த வீட்டில் இருக்கலாமா? பெண்ணை அழைத்துப்போக அமைச்சர் இன்னும் வரவில்லையே என்று ஊர் பேசுகிறது."

"எந்தப் பெண்?" என்றார் அமைச்சர்.

"நீங்கள் பெற்ற பெண்ணைப் போலக் கொடுத்தீர்களே, அவள்தான். இல்லை, அன்று மன்னரிடம் சும்மா சொன்னீர்களா?"

அமைச்சருக்கு விக்கல் எடுத்தது.

"சம்பந்திக்கு ஆடிச்சீர் உண்டுதானே?" என்று மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பட்டு வேட்டி உண்டு, வெள்ளித் தம்ளரில் ஆடிப்பால் உண்டு, மகாராஜா."

"அப்படியானால் பெண் இன்றே கிளம்பட்டும்!"

"வைக்கோல் வேலை?" என்று அமைச்சர் கடைசியாக ஒரு கட்டையைப் போட்டுப் பார்த்தார்.

"மருமகள் ஊருக்குப் போனால் வீட்டில் அடுப்பு எரியாதா?" என்றான் சாத்தப்பன். "அவள் வரும்வரை பழைய மாடுகள் பார்த்துக்கொள்ளும். வண்டி ஓட்ட ராக்கப்பனை மட்டும் வெளியே விடச்சொல்லுங்கள்."

"விடுங்கள்" என்றார் மன்னர்.

அமைச்சரும் மாமனாரும் பின்னாலிருந்து தள்ள, பட்டத்து டிராக்டர் பிறந்த வீடு கிளம்பியது. ரேடியேட்டர் சொட்டியது. "பாருங்கள், பிரிய மனமில்லாமல் அழுகிறாள்" என்றான் சாத்தப்பன். மன்னரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ராக்கப்பன் வண்டிகளைப் பூட்டினான். கடைசிக் கட்டு போரில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. சாத்தப்பன் நனைந்துகொண்டே நின்று வயிறாரச் சிரித்தான். இனி அவனை யார் நாடு கடத்துவது!

ஆவணி பிறந்தது. சீர் செய்து சலித்த அமைச்சர், அன்று காலையிலேயே டிராக்டரைத் தள்ளிக்கொண்டு அரண்மனை வாசலுக்கு வந்துவிட்டார். வேர்வையில் குளித்திருந்தாலும் முகத்தில் வெற்றி. "ஆடி முடிந்தது, மகாராஜா. பெண்ணைக் கொண்டுவந்து விட்டுவிட்டேன்."

டிராக்டர் உள்ளே வந்துவிட்டால் திரும்பவும் மாட்டுவண்டிகள் நிற்கும், ராக்கப்பன் சிறைக்குப் போவான். சாத்தப்பன் டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தான். குனிந்து அடியில் பார்த்தான். கன்னத்தில் கைவைத்துக்கொண்டான்.

"அமைச்சரே, இந்த நிலையிலா கூட்டிவந்தீர்கள்?"

"எந்த நிலை?"

"காலையில் எழுப்பினால் எழுந்திருக்கிறாளா?"

"இல்லை."

"உள்ளே போனது தங்குகிறதா?"

"எல்லாம் வெளியே வந்துவிடுகிறது."

"நாலு பேர் தாங்காமல் ஓர் அடி வைக்கிறாளா?"

"வைக்கமாட்டாள்" என்று அமைச்சர் உளறிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சாத்தப்பன் மன்னரை வணங்கினான். "நல்ல சேதி, மகாராஜா. பெண் முழுகாமல் இருக்கிறாள்."

மன்னர் டிராக்டரைப் பார்த்தார். அதன் அடியில் தேங்கிய டீசலைப் பார்த்தார். தள்ளித் தள்ளிக் கூன் விழுந்த அமைச்சரைப் பார்த்தார். விஷயம் புரிந்தது. வாசல் அதிரச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டார்.

பிறகு அமைச்சரிடம் திரும்பினார்.

"சம்பந்தி, தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். தள்ளிக்கொண்டு போங்கள். குட்டி டிராக்டரோடு வந்தால் இரண்டையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறேன்."